தூக்குக்கு முன் கேட்கப்பட வேண்டிய வாழ்க்கை: பூந்தமல்லித் தீர்ப்பும் தணிப்பு விசாரணையின் தேவையும்

ஆய்வுச் சுருக்கம்

மரண தண்டனை விதிக்க இடமுள்ள வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாழ்க்கை வரலாற்றைச் சான்றுகளோடு திரட்டி, தண்டனை குறித்த விசாரணையில் நீதிமன்றத்தின் முன் வைப்பது தணிப்பு விசாரணை எனப்படும். இதைச் செய்பவரை நம் வழக்கறிஞர்கள் 'மிட்டிகேஷன்' ஆய்வாளர் என்கிறார்கள். சென்னையின் மேற்குப் புறநகரோடு தொடர்புடைய இரண்டு வழக்குகளையும் தமிழ்நாட்டின் வேறு இரண்டு வழக்குகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தண்டனைக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய உண்மைகள் நம் நீதிமன்றங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றைத் திரட்டும் கடமை யாருக்கும் ஒப்படைக்கப்படாததே இதற்குக் காரணம் என்றும், சட்ட உதவியின் பகுதியாக அக்கடமை நிறுவப்பட வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

1. பூந்தமல்லி, 1998

1998 ஜனவரி 28 அன்று, பூந்தமல்லியில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் இயங்கிய தனி நீதிமன்றத்தின் நீதிபதி வி. நவநீதம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தீர்ப்பளித்தார். விசாரணையை எதிர்கொண்ட 26 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டனர். 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தாய், மகள், மகன், மருமகன் ஆகிய நால்வர் இருந்தனர். சதியில் நேரடியாக ஈடுபட்டதாகச் சொல்லப்பட்டவர்களும் அடைக்கலம் தந்ததாகச் சொல்லப்பட்டவர்களும் ஒரே வரிசையில் நின்றனர்.

அரசுத் தரப்பு 288 சாட்சிகளை விசாரித்திருந்தது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததையும் அதற்கு முந்தைய மாதங்களின் நடமாட்டங்களையும் அந்தச் சாட்சியங்கள் நாள் வாரியாக நிறுவ முயன்றன. நாட்டின் முன்னாள் பிரதமரும், பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும், கூட்டத்துக்கு வந்த எளிய மனிதர்களும் உயிரிழந்த குற்றம் அது. அவ்வளவு உழைப்புக்கு அது உரியதே. அதே அளவு உழைப்பில் ஒரு சிறு பங்கேனும் மற்றொரு கேள்விக்குச் செலவிடப்பட்டிருக்க வேண்டும்: இந்த 26 பேரும் தனித்தனியே யார்?

1999 மே 11 அன்று நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, எஸ்.எஸ்.எம். காத்ரி ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தது. 19 பேர் விடுதலையாக வழி பிறந்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்குத் தூக்கு உறுதியானது. இந்த மாற்றத்தின் பெரும்பகுதி குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்ற கேள்வியைச் சார்ந்தது. தடா குற்றச்சாட்டுகள் நிலைக்கவில்லை. பலர் மீது எஞ்சியவை சிறு குற்றங்களே. ஆகவே அதை முழுவதும் தண்டனைக் கோட்பாட்டின் கணக்கில் எழுதுவது சரியன்று. ஆனால் ஒன்று தெளிவு. ஆளுக்கு ஆள் வேறுபட்ட பங்கும் வேறுபட்ட வாழ்க்கையும் கொண்ட 26 பேரைப் பிரித்துப் பார்க்காமலே முதல் நீதிமன்றம் உச்சத் தண்டனையை விதித்தது.

பிரித்துப் பார்த்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்று அதே 1999 தீர்ப்பிலேயே இருக்கிறது. நளினிக்கு ஆயுள் தண்டனை போதும் என்று நீதிபதி கே.டி. தாமஸ் மாறுபட்டு எழுதினார். சதியில் அவர் வகித்த இடம் வழிநடத்தியவர்களின் இடமன்று. அவர் சிறையில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் தாய். தந்தை முருகனுக்கும் தூக்கு என்பதால் அக்குழந்தை அநாதையாகிவிடும். மற்ற இரு நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. ஓர் உயிரைக் காக்க ஒரு நீதிபதிக்குப் போதுமானதாக இருந்த இந்த உண்மைகள் வழக்கின் மேற்பரப்பிலேயே கிடந்தவை. தேடிச் சென்று திரட்டியிருந்தால் இன்னும் என்னென்ன கிடைத்திருக்கும் என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

2. சட்டம் தந்த வாக்குறுதி

1955க்கு முன் கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனையே வழக்கமான தண்டனை. அதை விதிக்காவிட்டால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1955 திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்த நிலையைத் தலைகீழாக்கியது. 354(3) பிரிவின்படி, மரண தண்டனை விதிக்கச் சிறப்புக் காரணங்கள் காட்ட வேண்டும். 235(2) பிரிவின்படி, குற்றவாளி என்று தீர்மானித்தபின் தண்டனை குறித்து அவரைத் தனியே கேட்க வேண்டும். இன்று நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவை முறையே 393(3), 258(2) ஆகிய பிரிவுகளாகத் தொடர்கின்றன.

'கேட்பது' என்றால் எதுவரை? 1976இல் சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. வாய்மொழியாக நாலு வார்த்தை பேச விடுவதோடு அது முடிவதில்லை. தண்டனைக்குத் தொடர்புடைய சான்றுகளை முன்வைக்கும் வாய்ப்பும் அதில் அடங்கும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில் மரண தண்டனை அரசியல் சாசனத்துக்கு முரணானதன்று என்றது. ஆனால் 'அரிதினும் அரிதான' வழக்குக்கு மட்டும் என்று அதைச் சுருக்கியது. குற்றத்தையும் குற்றவாளியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. வயது, மன நிலை, பிறர் ஆதிக்கத்துக்கு உட்பட்டிருந்தமை, திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றைக் கருத வேண்டிய சூழ்நிலைகளாக ஏற்றது. திருந்த வாய்ப்பில்லை என்று அரசுத் தரப்பே சான்றுகளால் காட்ட வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் அடங்கியது.

ஆக, பூந்தமல்லித் தீர்ப்புக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கோட்பாடு வந்துவிட்டது. அதைச் செயலாக்கும் ஆள்தான் இல்லை. நீதிபதி தானாகப் போய் விசாரிக்க முடியாது. காவல்துறை குற்றத்தைப் புலனாய்கிறது. குற்றவாளியின் பால்யத்தைப் புலனாய்வது அதன் வேலையில்லை. சட்ட உதவி வழக்கறிஞருக்குக் குறுக்கு விசாரணைக்குத் தயாராகவே நேரம் போதாது. விளைவாக, தண்டனை விசாரணை என்பது நம் அமர்வு நீதிமன்றங்களில் பழகிப்போன ஒரு சடங்காயிற்று. 'வயதான தாய் இருக்கிறார், சிறு குழந்தைகள் இருக்கிறார்கள், கருணை காட்டுங்கள்' என்று ஒரு பத்தி பதிவாகும். அடுத்த பத்தியில் தண்டனை வந்துவிடும்.

அமெரிக்காவும் இந்தக் கட்டத்தைக் கடந்து வந்ததுதான். 1976இல் வுட்சன் வழக்கில் கட்டாய மரண தண்டனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது. நம் உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவை மித்து வழக்கில் நீக்கியது 1983இல். 1978இல் லாக்கெட் வழக்கு, குற்றவாளியின் வாழ்க்கை சார்ந்த எந்தத் தணிப்புச் சான்றையும் அடைக்கக் கூடாது என்றது. அதன்பின் அங்கே ஒரு தொழிலே உருவானது. ஷார்லெட் ஹோல்ட்மன் போன்ற முன்னோடிகள், வழக்கறிஞராக இல்லாதவர்கள், கைதிகளின் ஊர்களுக்கும் வீடுகளுக்கும் போய் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்தனர். 2003இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் நெறிமுறைகள் மரண தண்டனை வழக்கில் வாதாடும் ஒவ்வொரு குழுவிலும் ஒரு தணிப்பு வல்லுநர் இருக்க வேண்டும் என்றன. அதே ஆண்டு விக்கின்ஸ் வழக்கில், கைதியின் கொடுமையான இளமைக் காலத்தை வழக்கறிஞர்கள் தேடாமல் விட்டதே மரண தண்டனையை ரத்து செய்யப் போதிய காரணமாயிற்று.

இந்தியாவில் திருப்பம் 2022 மே 20 அன்று மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் வந்தது. நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட், பேலா திரிவேதி ஆகியோரின் அமர்வு நடைமுறை வழிகாட்டுதல்களை வகுத்தது. மனநல மதிப்பீட்டை அரசு தாக்கல் செய்ய வேண்டும். பெற்றோரின் அரவணைப்பு, வீட்டில் வன்முறை அல்லது புறக்கணிப்பு, கல்வி, வறுமை, வேலை, வருமானம், நோய் ஆகிய விவரங்களைத் திரட்ட வேண்டும். சிறை நடத்தை குறித்த அறிக்கை வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில், தண்டனை குறித்த விசாரணை எப்படி, எவ்வளவு கால அவகாசத்தில் நடக்க வேண்டும் என்ற கேள்வி ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மனோஜ் தீர்ப்பின் பலன் கிடைக்காமலே தண்டனை உறுதியானவர்கள் அரசியல் சாசனத்தின் 32ஆம் உறுப்பின் கீழ் மீண்டும் உச்ச நீதிமன்றத்தை நாடலாம் என்ற வழியை 2025 ஆகஸ்டில் வசந்த சம்பத் துபாரே வழக்கு திறந்தது.

3. பணியின் இயல்பு

தணிப்பு விசாரணையை வழக்கறிஞரின் உருக்கமான உரையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சான்று தேடும் வேலை. அதன் ஒவ்வொரு கூற்றும் ஓர் ஆவணத்தாலோ வேறொருவரின் நேரடி அறிவாலோ தாங்கப்பட வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் வேலை பார்த்த ஓர் இளைஞர் கொலை வழக்கில் புழல் மத்தியச் சிறையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் குடும்பம் வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, ஆவடிப் பக்கம் லைன் வீடு ஒன்றில் குடியேறி, வாடகை ஏற ஏற இடம் மாறிக்கொண்டே இருந்தது. அவர் எத்தனை பள்ளிகளில் படித்தார், எந்த வகுப்பில் நின்றார் என்பதைச் சேர்க்கைப் பதிவேடும் டி.சி.யும் சொல்லும். தலையில் அடிபட்டுச் சிகிச்சை பெற்றிருந்தால் அரசு மருத்துவமனையின் பதிவு சொல்லும். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் குடும்பத்தார் யாரேனும் சிகிச்சை பெற்றிருந்தால் அந்த ஓ.பி. சீட்டு பரம்பரை நோயின் தடயமாகலாம். வேலையிடத்து விபத்து, நின்றுபோன சம்பளம், இ.எஸ்.ஐ. அட்டை இல்லாமல் கழிந்த ஆண்டுகள் எல்லாம் ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும். அவற்றைத் தேடிப் போக ஒருவர் வேண்டும்.

ஆவணங்களைவிடக் கடினம் மனிதர்களைக் கேட்பது. குழந்தைப் பருவத்தில் அனுபவித்த பாலியல் வன்முறையை எந்த மனிதரும் முதல் சந்திப்பில் சொல்வதில்லை. அப்பா குடித்துவிட்டு அடித்ததை ஊர் முழுதும் அறிந்திருக்கும். அம்மா மட்டும் 'எங்க வீட்ல அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல' என்பார். மானம் போய்விடும் என்ற அச்சம் அவருக்கு. கைதியோ, தன் தாயை நீதிமன்றத்தில் தலைகுனிய வைப்பதைவிடத் தூக்கில் தொங்குவது மேல் என்று நினைக்கக்கூடும். குடும்பமே அவரைக் கைகழுவி, சிறையில் மனு போட்டுப் பார்க்கக்கூட யாரும் வராத நிலையும் உண்டு. ஆகவே தணிப்பு விசாரணையாளர் திரும்பத் திரும்பப் போக வேண்டும். தனித்தனியே பேச வேண்டும். தாய், பாட்டி, ஆசிரியர், மேஸ்திரி, பக்கத்து வீட்டார் என்று ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட வேண்டும். குறைந்தது மூன்று தலைமுறைகளின் வாழ்வைத் தொட வேண்டும். இது சட்டப் பயிற்சி மட்டும் தரும் திறனன்று. சமூகப் பணி, உளவியல், மானிடவியல் ஆகியவற்றின் முறைகள் இதில் சேர்கின்றன.

தேட வேண்டிய எல்லை மாநிலத்தோடு நிற்பதில்லை. இந்தப் புறநகரின் தொழிற்கூடங்களில் வேலை செய்யும் பிகார், ஒடிசா தொழிலாளியின் பள்ளிப் பதிவேடு அவர் ஊரில் இருக்கிறது. அவர் தாய் பேசுவது வேறு மொழி. பூந்தமல்லியில் தண்டிக்கப்பட்டவர்களில் சாந்தனும் முருகனும் ஈழத்தவர்கள். அவர்களின் இளமையைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் போர் நடந்துகொண்டிருந்த மண்ணில் இருந்தார்கள். போரில் வளர்ந்த ஓர் இளைஞனின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பது தண்டனையைத் தீர்மானிக்கும் நீதிபதிக்குத் தெரிய வேண்டிய செய்தி. கடல் கடந்து அதைத் திரட்டித் தரும் பொறுப்பு எந்த அமைப்பிடமும் இருக்கவில்லை.

இப்பணியின் தேவையை எண்களும் உரைக்கின்றன. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட இந்திய மரண தண்டனை அறிக்கை, தூக்குத் தண்டனைக் கைதிகளில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்றது. அதே பல்கலைக்கழகத்தின் 'புராஜெக்ட் 39ஏ' 2021இல் வெளியிட்ட ஆய்வில், 88 கைதிகளில் 62.2 விழுக்காட்டினரிடம் குறைந்தது ஒரு மன நோய் கண்டறியப்பட்டது. இவர்களில் எத்தனை பேரின் நோயை விசாரணை நீதிமன்றம் அறிந்து தண்டித்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

4. காலம் கடந்து வந்த உண்மைகள்

பூந்தமல்லி வழக்கின் பின்கதை, நீதிமன்றம் செய்யாத வேலையை வேறு யார் செய்தார்கள் என்று காட்டுகிறது. நளினியின் தூக்கை 2000 ஏப்ரலில், மாநில அமைச்சரவையின் பரிந்துரைப்படி ஆளுநர் ஆயுளாகக் குறைத்தார். மற்ற மூவரின் கருணை மனுக்கள் பதினோரு ஆண்டுகள் கிடந்து, 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டன. செப்டம்பர் 9 தூக்கிடும் நாளாகக் குறிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து உயிர் நீத்தார். 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவரின் தண்டனையையும் குறைத்தது. அதற்கு அது காட்டிய காரணம் காலதாமதம். அந்த மூவரின் வாழ்க்கை அப்போதும் பேசுபொருளாகவில்லை.

பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. அவருடைய ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராசன், குண்டுக்காக வாங்கித் தந்ததாகச் சொல்லப்பட்ட பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். ஒருவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது தண்டனைத் தீர்ப்பின் உயிர்நாடி. 2022 மே 18 அன்று 142ஆம் உறுப்பின்கீழ் அவரை விடுவித்தபோது, அவருடைய சிறை நடத்தையையும், சிறையிலிருந்தே பெற்ற கல்வியையும், உடல்நிலையையும் உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. ஏறத்தாழ முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மனிதரின் வாழ்க்கை நீதிமன்றத்தின் எடைத்தட்டில் ஏறியது. அதுவரை அதைச் சுமந்து அலைந்தவர் அவர் தாய் அற்புதம்மாள்.

அற்புதம்மாளைப் போன்ற தாயும், பின்னால் திரண்ட இயக்கமும், பேசத் துணிந்த அரசியலும் எல்லாக் கைதிகளுக்கும் வாய்ப்பதில்லை. ஒருவரின் வாழ்க்கை கேட்கப்படுமா என்பது அவருக்காகக் குரல் கொடுப்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அமையுமானால், சட்டத்தின் முன் சமம் என்ற சொல்லுக்குத் தூக்குமேடையில் மட்டும் விலக்கு அளித்துவிட்டோம் என்றே பொருள்.

தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கு மற்றொரு கோணம். 2000 பிப்ரவரியில் ஒரு கும்பல் தீ வைத்த பேருந்தில் வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் எரிந்து இறந்த கொடுமைக்காக மூவருக்கு 2007இல் தூக்கு விதிக்கப்பட்டது. 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2016இல் சீராய்வில் அதே நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. கும்பல் வெறியில் நிதானம் இழந்த நிலை என்பது இப்போது தணிக்கும் சூழ்நிலையாக ஏற்கப்பட்டது. நிகழ்வு அதே நிகழ்வுதான். கும்பலுக்குள் மனம் இயங்கும் விதம் பற்றிய சான்று முதல் நாளிலேயே வைக்கப்படக் கூடியது. பதினாறு ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

கடலூர் மாவட்டத்தில் 2009இல் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு இவற்றினும் தெளிவானது. 2010 ஜூலையில் கடலூரில் தூக்கு விதிக்கப்பட்டு, இரண்டே மாதத்தில் உயர் நீதிமன்றத்தில் உறுதியாகி, 2013இல் உச்ச நீதிமன்றத்திலும் நிலைத்தது. 2023 மார்ச் 21 அன்று, சுந்தர் எதிர் அரசு என்ற சீராய்வில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு இத்தண்டனையை இருபது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுளாக மாற்றியது. எந்தக் கட்டத்திலும் எந்தத் தணிக்கும் சூழ்நிலையும் கருதப்படவில்லை என்று அமர்வு கண்டறிந்தது. குற்றம் நடந்தபோது அவருக்கு 23 வயது என்பதும், முன் குற்றப் பதிவு இல்லை என்பதும், சிறையில் உணவுத் தயாரிப்பில் பட்டயம் பெற்றார் என்பதும், 2013இல் தப்ப முயன்றார் என்பதும் அப்போதுதான் ஒருசேரப் பரிசீலிக்கப்பட்டன. கைதியின் சிறை நடத்தை பற்றிய முக்கியத் தகவல்களைப் பிரமாணப் பத்திரம் மறைத்ததாகக் கருதி, கம்மாபுரம் காவல் ஆய்வாளரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

5. முகலிவாக்கம் தரும் பாடம்

2017 பிப்ரவரியில், போரூரை அடுத்த முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். தமிழ்நாடே பதறியது. 2018 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞருக்குத் தூக்கு விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை முற்றாக விடுதலை செய்தது.

குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளில் அவருக்கு வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டது அதன் பிறகே. குற்றவாளி என்று அறிவிக்கப்பட்ட நாளிலேயே, தணிக்கும் சூழ்நிலைகளைத் திரட்ட வாய்ப்பின்றித் தூக்கும் விதிக்கப்பட்டது. நியாயமான விசாரணைக்கு நேர்ந்த இந்தக் குறைகளை உச்ச நீதிமன்றம் சுட்டியது. சாட்சியங்களின் சங்கிலியும் குற்றத்தை மெய்ப்பிக்கவில்லை என்றது.

விடுதலைக்குக் காரணம் தணிப்பு விசாரணை இல்லாமை என்று நான் சொல்லவில்லை. இரண்டு குறைகளும் ஒரே அவசரத்தின் விளைவுகள் என்கிறேன். குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாழ்க்கையைத் தேட நேரமில்லாத விசாரணை, குற்றத்தின் சான்றுகளைச் சலித்துப் பார்க்கவும் நேரமெடுப்பதில்லை. முதல் நாளிலிருந்தே வழக்கறிஞரும் தணிப்பு விசாரணையாளரும் உடனிருந்தால், அவர்கள் எழுப்பும் கேள்விகள் காவல்துறையையும் அரசு வழக்கறிஞரையும் கவனமாக்கும். இதை மறுத்ததன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? எட்டு ஆண்டுகள் நீதிக்காகக் காத்திருந்து, கடைசியில் தங்கள் மகளைக் கொன்றவர் யார் என்ற விடையே இல்லாமல் நிற்கும் பெற்றோர்.

6. மூன்று மறுப்புகள்

'கொல்லப்பட்டவரின் வாழ்க்கையை யார் விசாரிப்பது?' என்பது முதல் மறுப்பு. இதைக் கேட்பவரின் துயரத்துக்கு முன் எந்த வாதமும் சிறியதுதான். ஆனாலும் கொலையுண்டவரின் வாழ்க்கை எவ்வளவு பெறுமதியானது என்பதில் வழக்கில் யாருக்கும் ஐயமில்லை. குற்றத்தைக் கடுமையாக்கும் சூழ்நிலையாக அது ஏற்கெனவே தராசில் இருக்கிறது. தணிப்பு விசாரணை அந்தப் பக்கத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை. காலியாக இருக்கும் மறுபக்கத்தில் வைக்க வேண்டியதை வைக்கிறது. முதல் நீதிமன்றத்திலேயே ஒழுங்காக முடிந்த தண்டனை விசாரணை, பத்துப் பதினைந்து ஆண்டுகள் மேல்முறையீடும் சீராய்வும் கருணை மனுவுமாக இழுபட்டு அக்குடும்பத்தின் காயத்தைக் கிளறிக்கொண்டிருப்பதில்லை.

'ஏழைகளும் அடிவாங்கி வளர்ந்தவர்களும் எல்லோருமா கொலை செய்கிறார்கள்?' என்பது இரண்டாவது. வறுமையைக் காரணமாகக் காட்டுவது நேர்மையாக வாழும் கோடிக்கணக்கான ஏழைகளை அவமதிப்பது என்று இது நீளும். குற்றத்துக்குக் காரணம் தேடுவதோ மன்னிப்புக் கேட்பதோ தணிப்பு விசாரணையின் நோக்கமாக இருந்தால் இந்த மறுப்பு வெல்லும். அது குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகு எழும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடுகிறது: சிறையில் அடைப்பது போதாதா, கொல்லத்தான் வேண்டுமா? பச்சன் சிங் தீர்ப்பின்படி, இந்த மனிதர் இனி எந்நாளும் திருந்த மாட்டார் என்று தெரிந்தால்தான் இரண்டாவது விடையைத் தர முடியும். அவருடைய வாழ்க்கையை அறியாமல் அப்படிச் சொல்ல எவராலும் முடியாது.

மூன்றாவது மறுப்பு வழக்கறிஞர்களிடமிருந்தே வருவது. வாழ்க்கையைத் தோண்டினால் கைதிக்கு எதிரானவையும் வெளிவரும். வீட்டில் அடி வாங்கிய அதே ஆள் பின்னர் மனைவியை அடித்திருப்பார். இந்த அபாயம் உண்மை. எதை நீதிமன்றத்தில் வைப்பது என்ற முடிவு கைதியின் தரப்பிடம் இருக்க வேண்டும் என்பதற்கும், விசாரணையாளர் வழக்கறிஞரின் குழுவில் ஒருவராக, வழக்கறிஞருக்குரிய இரகசியக் காப்புக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே வலுவான காரணம்.

7. யார் செய்வது, எப்படி?

மனோஜ் தீர்ப்பு தகவல் திரட்டும் பொறுப்பின் பெரும்பகுதியை அரசிடம் வைத்தது. சுந்தர் வழக்கின் பிரமாணப் பத்திரம், அந்தப் பொறுப்பை அரசிடம் மட்டும் விட்டால் என்ன நேரும் என்று காட்டிவிட்டது. நன்னடத்தை அலுவலர்களின் அறிக்கையை நீதிமன்றங்கள் கேட்டுப் பெறுவது நல்ல தொடக்கம். அவர்களுக்குக் கள அனுபவம் உண்டு. ஆனால் அவர்கள் நீதிமன்றத்துக்கு அறிக்கை தருபவர்கள். அவர்களிடம் சொல்வது நேரே கோப்பில் ஏறும் என்று தெரிந்தபின் எந்தத் தாயும் வாய் திறக்கமாட்டார். ஆகவே நன்னடத்தை அலுவலர் வேண்டும். அவரோடு கைதியின் தரப்புக்கென்று தனி விசாரணையாளரும் வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் வழக்கறிஞர் பட்டியல் வைத்திருப்பதுபோல், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள், உளவியலர்களின் பட்டியலையும் வைக்கலாம். சென்னை சமூகப் பணிக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் இதற்கான பாடத்தையும் களப்பயிற்சியையும் சேர்க்கலாம். மரண தண்டனைக்கு இடமுள்ள குற்றப்பத்திரிகை தாக்கலாகும் நாளிலேயே விசாரணையாளர் நியமிக்கப்பட வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு தரும் ஒரு வார அவகாசத்தில் ஒரு வாழ்க்கையைத் திரட்ட முடியாது. புழல் சிறையில் காவலர் காதில் விழாமல் நெடுநேரம் பேச ஓர் அறை வேண்டும். பள்ளி, மருத்துவமனை, தொழிற்சாலைப் பதிவுகளைப் பெற நீதிமன்ற ஆணை எளிதில் கிடைக்க வேண்டும். குற்றத் தீர்ப்புக்கும் தண்டனை விசாரணைக்கும் இடையே கட்டாய இடைவெளி வேண்டும். அன்றே தண்டனை என்பது எந்த நீதிமன்றத்திலும் இருக்கக் கூடாது.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு விடை எளிது. மரண தண்டனைக்கு இடமுள்ள வழக்குகள் கொலை வழக்குகளில் ஒரு பகுதி. அவற்றில் தூக்கு விதிக்கப்படுபவை மிகச் சில. ஓர் உயிரை எடுக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் அரசு, அந்த உயிரை அறிந்துகொள்வதற்கான செலவை மறுக்க முடியாது.

மரண தண்டனை இருக்க வேண்டுமா என்ற பெரிய விவாதத்தில் என் நிலை எதிர்ப்புதான். ஆனால் இக்கட்டுரையின் வாதம் அந்த நிலையைச் சார்ந்து நிற்கவில்லை. தூக்குத் தண்டனையை ஆதரிப்பவரும், அது அரிதினும் அரிதானவர்க்கே என்ற வரம்பை ஏற்கிறார். யார் அந்த அரிதானவர் என்று கண்டுபிடிக்கும் கருவி அவருக்கும் தேவை. பூந்தமல்லியில் அது இல்லாததால் 26 பேருக்கும் ஒரே தண்டனை போனது. கடலூரில் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. முகலிவாக்கம் வழக்கில் வரவேயில்லை. அடுத்த வழக்கின் குற்றப்பத்திரிகை நம் புறநகரின் ஏதோ ஒரு காவல் நிலையத்திலிருந்து புறப்படும்போது, அதோடு ஒரு தணிப்பு விசாரணையாளரின் நியமன ஆணையும் புறப்பட வேண்டும். பச்சன் சிங் தீர்ப்பு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தந்த வாக்கைக் காப்பாற்ற இதைவிடக் குறைவான எதுவும் போதாது.